கண்ணில் பட்டதை மட்டும் சொன்னவள்

எங்கள் சங்கத்தில் எல்லோரும் அவளை 'கமென்ட்ரி' என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, நல்ல பெயர்தான். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைப் பெண். அந்தக் கடையிலேயே அதிகம் விற்கிறவள் அவள்தான் என்று முதலாளி மெச்சுவாராம். எங்களிடம் மட்டும் ஒரு கண்ணாடிகூட அவளால் விற்க முடிந்ததில்லை. எங்கள் சங்கத்தில் யாருக்கும் பார்வை கிடையாது.

அவளுக்கு நான் பட்டிருக்கும் கடன் வாயால் சொல்லித் தீராது. நேரில் சொன்னால், "நன்றியெல்லாம் எதுக்குக்கா, ஒரு காபி வாங்கிக் குடுங்க" என்று முடித்துவிடுகிறாள். நானும் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை. அதனால்தான் அவளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தேன்.

நான் ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. வாய் மட்டும் இரண்டு பேருக்கு உண்டானது. பஸ்ஸில் கேட்காமல் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டவர்கள் எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். உதவி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் தொழிலில் குரல்தான் ஆள். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே இவன் பொய் சொல்கிறான், இவள் அழுதுவிட்டுப் பேசுகிறாள் என்று எடை போட்டுவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனமே உண்டு.

தம்பி மனைவிக்குக் கண்ணாடி வாங்கத் துணைக்குப் போனபோதுதான் கமென்ட்ரி அறிமுகமானாள். நான் சும்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்காமலேயே எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். "அக்கா, இப்போ வட்டமா ஒண்ணு போட்டிருக்காங்க. கணக்கு டீச்சர் மாதிரி இருக்கு. ரெண்டாவது நீளமானது. இதுல கொஞ்சம் கோபக்காரங்களா தெரியுறாங்க." கடைசியில் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கண்ணு தெரியாத நாத்தனார் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கண்ணாடி என்று தம்பி மனைவி இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அன்றே அவளைச் சங்கத்துக்கு அழைத்தேன். எங்கள் சங்கத்தின் பெயர் 'கேட்டுப் பார்ப்போர் சங்கம்'. நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, ஒரு திரை, இரண்டு ஒலிபெருக்கி. மாதம் ஒரு படம். அதுவரை வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு குத்துமதிப்பாகப் புரிந்துகொள்வோம். சண்டைக் காட்சி வந்தால் டமால் டுமீல்தான். யார் யாரை அடித்தார்கள் என்று படம் முடிந்த பிறகு ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம்.

அவள் முதல் நாள் செய்த கமென்ட்ரி பெரிய கூத்து. வசனங்களுக்கு நடுவே மைக்கில், "இதோ வந்துட்டான் பாவி! மூஞ்சியைப் பாரு, திருட்டு மூஞ்சி" என்றாள். எங்கள் பாட்டு வாத்தியார், அவரைச் 'சுருதி' என்போம், எழுந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, அவன் பாவியா இல்லையான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம். நீ மூஞ்சியை மட்டும் சொல்லு."

"மூஞ்சியே அப்படித்தானே சார் இருக்கு?"

"எப்படி இருக்கு? புருவம் எங்க இருக்கு, வாய் எங்க இருக்கு, அதைச் சொல்லு."

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த மாதத்துக்கான படத்தை வீட்டிலேயே போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் கணவர் வேன் ஓட்டுநர். அவரைக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிப் பேசிக் காட்டிப் பழகினாளாம். அவர் கண்ணை மூடினால் குறட்டைதான். "குறட்டை நின்னுச்சுன்னா நான் நல்லா சொல்றேன்னு அர்த்தம்" என்பாள். அப்படிப் பழகிப் பழகி ஒரு விதிக்கு வந்து சேர்ந்தாள். கண்ணில் பட்டதைச் சொல்வாள், மனசில் பட்டதைச் சொல்ல மாட்டாள். படம் முடிந்து நாங்கள் எவ்வளவு கெஞ்சினாலும், "அவன் நல்லவனா கெட்டவனா?" என்ற கேள்விக்கு மட்டும் அவளிடமிருந்து பதில் வராது. "நான் கண்ணு. மூளை உங்களோடது" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அப்படி ஒரு மாதம் 'பூட்டு' வந்தான்.

படத்தில் அவனுக்கு வேறு பெயர். நாங்கள் வைத்தது பூட்டு. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஒரு நாள் வாசற்கதவைப் பூட்டாமல் விட்டுவிடுகிறான். அவனுடைய சின்ன மகள் தெருவுக்குப் போய் வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். அதற்குப் பிறகு அவனுக்குப் பூட்டுதான் வாழ்க்கை. பூட்டுவான், இழுத்துப் பார்ப்பான், படியிறங்கிப் போய் மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பான். மிச்சமிருக்கும் மகனைப் பார்த்து எதற்கெடுத்தாலும் கத்துவான். அவன் சைக்கிளை உடைத்துப் போடுவான். மகன் பரீட்சையில் முதலாவதாக வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விடுவான். மகன் டீ போட்டுக் கொடுத்தால் சர்க்கரை அதிகம் என்பான்.

பாதிப் படத்திலேயே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். "இவன் கொடுமைக்காரன். போன்ல இப்படி எவனாவது கத்தினா நான் லைனையே கட் பண்ணிடுவேன்."

எங்கள் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லாவிட்டாலும் நாங்கள் அவரை 'டாக்டர்' என்றே அழைப்போம், படத்தை நிறுத்தச் சொன்னார். "கமென்ட்ரி, கத்துறதுக்கு முன்னாடி அவன் தோள் எங்க இருந்துச்சு?"

அவள் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "காது வரைக்கும் ஏறியிருக்கு சார். முதல்ல தோள் ஏறுது. அப்புறம்தான் வாய் திறக்குது."

"முந்தின சண்டையில?"

அதையும் பார்த்தாள். "அதுலயும் அப்படித்தான்."

"அப்போ அது கோபம் இல்ல. பயம் முதல்ல வருது. கோபம் பின்னாடி வருது. என்கிட்ட கழுத்து வலின்னு வர்றவங்கள்ல பாதிப் பேர் இந்த ஜாதிதான். எதையோ தடுக்கிற மாதிரியே நாள் முழுக்க நிப்பாங்க" என்றார் டாக்டர்.

சுருதி அதற்கு மேலே போனார். மகன் தன்னை வெறுக்க வேண்டும் என்றே பூட்டு அப்படி நடந்துகொள்கிறான் என்றார். மகளைக் கொன்றவன் என்று அவன் தன்னையே நினைக்கிறான், அந்தத் தண்டனையை யாராவது கொடுத்தால்தானே நிம்மதி, அதனால்தான் அன்பாகக் கொடுத்த டீ அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்பது அவர் வாதம்.

"அவ்வளவு யோசிச்சா சார் கத்துவான்?" என்றார் டாக்டர்.

"யோசிக்காமதான் செய்வான். அதனாலதான் அது வியாதி."

"அடிக்கிற கைதான் அணைக்கும்னு ஒண்ணு இருக்கே" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

"அடிக்காத கையும் அணைக்கும்ங்க. பயந்தவன்னா அடுத்தவனைக் கடிக்கலாமா? அந்தப் பையன் என்ன பாவம் செஞ்சான்?" என்றேன் நான். இதை இப்போதும் சொல்வேன். ஒருவன் ஏன் கத்துகிறான் என்று தெரிந்துவிட்டதால், கத்தப்பட்டவனுக்குக் காது வலிக்காமல் போய்விடாது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மகனுக்குக் கடும் காய்ச்சல். ஒலிபெருக்கியில் ஒரு கடிகாரச் சத்தமும் பையனின் இருமலும் மட்டும். பூட்டு வீட்டிலேயே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். பிள்ளையைத் தனியாக விட்டுப் போய்விட்டான் படுபாவி. அப்போது கமென்ட்ரியின் குரல், மெதுவாக:

"அறைக்கு வெளியே நிக்கிறான். கதவுக் கைப்பிடியில கை வைக்கிறான். எடுத்துட்டான். பையன் இருமுறான். இவன் வாயும் கூடவே திறந்து மூடுது. மறுபடி கைப்பிடியில கை. நெத்தியைக் கதவுல வச்சிருக்கான். ஜன்னல்ல வெளிச்சம் வருது. அதே இடத்துலதான் நிக்கிறான். சட்டை அதே சட்டை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் இல்லை என்றால் ஆள் இல்லை. நாற்பது வயசு தாண்டியும் நான் அப்படித்தான் உலகத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கத்துகிற நேரம் மட்டும்தான் பூட்டு எனக்கு உயிரோடு இருந்தான். மற்ற நேரமெல்லாம் அவன் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று நான் கேட்கவே இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படி இருந்தார். என் அப்பா.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அப்பா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மூன்று வயசுக் குழந்தை, நான். அப்பாவுக்கு வாயைத் திறந்தால் கத்தல்தான். "இதை யார் இங்க வச்சது? வீடா இது, சந்தையா?" நாற்காலி நகர்ந்திருந்தால் கத்தல். பை தரையில் கிடந்தால் கத்தல். குழந்தையின் பொம்மைக்குக்கூட அர்ச்சனை. இவருக்குச் சுத்தப் பைத்தியம் என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம். கத்தாத நேரத்தில் அவர் இருக்கும் இடமே தெரியாது. குழந்தை அவர் குரல் கேட்டாலே அழ ஆரம்பித்தது. தம்பி மனைவி பொறுமைசாலி. அவளே ஒரு நாள் உடைந்துபோய், "அண்ணி, நான் மாமாவை வெறுக்கலை. ஆனா அவர் கத்தும்போதெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. என்னால முடியலை" என்றாள்.

தம்பி வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்திருந்தான். நல்ல இடமாம், தோட்டமெல்லாம் உண்டாம். அப்பா காதிலும் அது விழுந்திருந்தது. முடிவை என்னிடம் விட்டான். "நீதான் மூத்தவ. நீ சரின்னு சொன்னா மாசக் கடைசியில கூட்டிட்டுப் போறேன். நீ வேண்டாம்னா பேச்சே இல்லை." நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். சத்தமில்லாத வீட்டை நினைத்தாலே எனக்குச் சுகமாக இருந்தது. பூட்டின் கதையைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்த வாரமே சொல்லியிருப்பேன்.

படம் முடிந்த பிறகு கமென்ட்ரிக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

"எனக்கு ஒரு வேலை செய்யணும் நீ. எங்க வீட்டுக்கு வந்து எங்க அப்பாவைச் சொல்லணும்."

"அப்பாவைச் சொல்றதா?"

"படத்தைச் சொல்ற மாதிரி. நான் இருக்கும்போது அவர் என்ன செய்யுறாருன்னு."

அவள் காபி ஆற்றுவது நின்றது. "அக்கா, படத்துல நடிக்கிறாங்க. அவங்களுக்குத் தெரியும் நாம பார்க்கிறோம்னு. இது வேவு பாக்கிறது இல்லையா?"

"எல்லாரும் அவரைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கு மட்டும்தான் தெரியலை. நீ என் கண்ணா இருந்தா அது எப்படி வேவு?"

அவள் கப்பைக் கீழே வைத்தாள். "ஒரு தடவைதான். அதுவும் கண்ணுல பட்டதை மட்டும்தான். நல்லவரா கெட்டவரான்னு என்கிட்ட கேக்கக் கூடாது."

அவள் கடைக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் வந்தாள். தம்பி மனைவியின் கண்ணாடிக்குத் திருகு மாற்ற வந்ததாகப் பேச்சு. சமையலறை, குளியலறை, வாசல் எல்லாம் தெரிகிற கூடத்து மூலையில் உட்கார்ந்து, திருகாணியை வைத்துக்கொண்டு மெதுவாக வேலை பார்த்தாள். நான் வழக்கம்போல் என் அறையிலிருந்து வந்தேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். குளித்தேன். வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்குள் நான் கைத்தடி எடுப்பதில்லை. அங்கே நான் எதிலும் இடித்துக்கொண்டதே கிடையாது. மூலை முடுக்கெல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அன்றும் காற்று மாதிரி நடந்து வெளியே வந்தேன். அப்பா இருந்த சுவடே இல்லை. கேட்டைத் தாண்டிய பிறகு உள்ளே அவர் கத்துவது கேட்டது. "வண்டியை நடுவுல விட்டது யாரு? எத்தனை தடவை சொல்றது?"

கமென்ட்ரி பின்னாலேயே வந்தாள். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"சொல்லு" என்றேன்.

அவள் மைக்கில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"உங்க அறைத் தாழ்ப்பாள் சத்தம் கேக்குது. அப்பா ஜன்னல்கிட்ட நாற்காலியில இருந்து எழுந்திருக்கிறாரு. செருப்பைக் கழட்டி இடது கையில எடுத்துக்கிறாரு. கூடத்து நடுவுல குழந்தையோட மூணு சக்கர வண்டி. அதை உருட்டலை, தூக்குறாரு. சுவரோரமா வைக்கிறாரு. நீங்க வர்றீங்க. அவர் சுவரோட ஒட்டி நிக்கிறாரு. நீங்க தாண்டிப் போறீங்க. உங்களுக்கும் அவருக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும்."

நான் கைத்தடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சமையலறையில மேல் அலமாரிக் கதவு திறந்து கிடக்கு, உங்க நெத்தி உயரத்துல. அவர் முன்னாடியே போயி விரலால தள்ளி மூடுறாரு. சத்தம் வராம இருக்க இன்னொரு கையை உள்ளே குடுத்து மூடுறாரு. விரல் மாட்டிக்குது. உதறிக்கிறாரு. நீங்க தண்ணி குடிக்கிறீங்க. குளியலறை வாசல்ல ஈரம். தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து, முட்டி போட்டுத் துடைக்கிறாரு. எழுந்திருக்க முடியலை. சுவரைப் பிடிச்சு எழுந்திருக்கிறாரு. நீங்க வெளிய வந்து வாசலுக்குப் போறீங்க. ரெண்டு அடி பின்னாடியே வர்றாரு. கையை உங்க முதுகுப் பக்கம் நீட்டியிருக்காரு. தொடலை. படியிறங்கிற வரைக்கும் கை அப்படியே இருக்கு. நீங்க கேட்டைச் சாத்துறீங்க. கையை இறக்கிட்டு, செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கிறாரு. அப்புறம் உள்ளே திரும்பிக் கத்துறாரு. அது உங்களுக்கே கேட்டிருக்கும்."

ஒரு பஸ் வந்து நின்று, போயிற்று. என் பஸ்தான்.

"தோள்?" என்றேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. தொழிலில் இந்தக் குரலைக் கேட்டிருந்தால், இவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று உடனே சொல்லியிருப்பேன்.

"காது வரைக்கும்" என்றாள். "நீங்க அறையை விட்டு வந்ததுல இருந்து படியிறங்கிற வரைக்கும். இதுக்கு மேல சொன்னா என் கருத்தாயிடும்க்கா."

அவள் கருத்து எனக்குத் தேவைப்படவில்லை. உதவி என்று தெரிந்தால் நான் கடித்துக் குதறிவிடுவேன் என்று ஊருக்கே தெரியும், பெற்ற அப்பாவுக்குத் தெரியாதா? அதனால் எனக்குத் தெரியாமலேயே செய்தார். நான் வீட்டை மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. எனக்காக ஒருவர் தினமும் வீட்டை மனப்பாடத்துக்கு ஏற்றபடி திருத்தி வைத்துக்கொண்டிருந்தார். யாராவது ஒரு பொருளை நடுவில் விட்டால், அதில் நான் விழப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பயம் வரும், அதன் பின்னாலேயே கத்தல் வரும். காரணத்தைச் சொல்ல முடியாது, சொன்னால் என் பெருமை போய்விடும். என் பெருமையைக் காப்பாற்ற எல்லோரிடமும் கெட்ட பேர் வாங்கியிருக்கிறார் மனுஷன்.

அன்று மாலை தம்பியையும் அவன் மனைவியையும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி? வண்டியை நான் ஓரமா விட்டிருப்பேனே. அவர் எடுத்து வைக்கிறதைப் பார்த்தப்போ சுத்தப் பைத்தியம்னு நினைச்சேன், கத்தினப்போ என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

"சொல்லியிருக்கணும். சொல்லாதது அவர் தப்புதான். குழந்தை பயப்படுறதும் நிஜம். அதுக்காக அவரை நான் அனுப்ப மாட்டேன். நான் பேசுறேன் அவர்கிட்ட."

"அவர்கிட்டயா? நீயா?" என்றான் தம்பி. அப்பாவும் நானும் பேசிக்கொள்வது ஆளுக்கு ஒரு வார்த்தைதான் என்பது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அறைத் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தேன். வழக்கம்போல ஒரு சத்தமும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை. கூடத்தின் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டேன்.

"அப்பா, செருப்பைக் கால்ல போட்டுக்குங்க. தரை சில்லுன்னு இருக்கு."

சமையலறையில் குழாய் நின்றது. தம்பி மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களை எங்கயும் அனுப்பலை. எங்ககூடத்தான் இருக்கப்போறீங்க. ஆனா இனிமே இவங்ககிட்ட கத்தக் கூடாது. எது வழியில கிடந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு நீங்க சொல்லணும்ப்பா."

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. நான் பேசியது வெறும் காற்றிடமோ என்றுகூடத் தோன்றியது. பிறகு ஒரு செருப்பு தரையில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில்.

"வண்டி இருக்கு" என்றார் அப்பா. அவ்வளவு மெதுவான குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. "கொஞ்சம் இடது பக்கமா வாம்மா."

நான் இடது பக்கமாகப் போனேன்.